டீசல் எஞ்சினின் எழுச்சியும் வீழ்ச்சியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்

டீசல் எஞ்சின் இரயில் சக்கரத்தைச் சுற்றுவதில்லை என்று சொன்னால் நம்மில் பலர் நம்பமாட்டார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு என்னோடு இரயிலில் வரும் தோழர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "பின்னே அந்த எஞ்சின் எதுக்கு, அழகுக்கா?" என்று சிரித்தார்கள். சிரிப்பதற்குரிய செய்திதான், ஆனால் உண்மை.

முதலில் ஒரு சொல் விளக்கம். வண்டியை இழுக்கும் முழு ஊர்தியை நாம் எஞ்சின் என்கிறோம். அதன் வயிற்றுக்குள் எண்ணெயை எரிக்கும் பகுதியை இக்கட்டுரையில் இயந்திரம் என்று சொல்கிறேன். அந்த இயந்திரத்தின் வேலை ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுவது. அதில் பிறக்கும் மின்சாரம் கீழே இறங்கி, அச்சுகளோடு பல்சக்கரத்தால் இணைக்கப்பட்ட மோட்டார்களுக்குப் போகிறது. சக்கரத்தைச் சுற்றுவது அந்த மோட்டார்களே. கல்யாண மண்டபத்தில் மின்சாரம் நின்றதும் கொல்லைப்புறத்தில் தடதடவென்று ஓடுகிறதே ஜெனரேட்டர், அதைப் பல நூறு மடங்கு பெரிதாக்கித் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். வேறு முறையில் இயங்கும் சிறிய டீசல் எஞ்சின்களும் சில உண்டு. ஆனால் நம் நாட்டில் நெடுந்தூர வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் இந்த வகையே.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? இயந்திரத்தை நேரே சக்கரத்தோடு பூட்டினால் என்ன? எங்கள் ஊருக்கு ஆலைப் பருவத்தில் வந்து பாருங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசையாக நின்று, பத்தடி நகர்ந்து, மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓட்டுநர் கிளச்சைப் பாதி அழுத்தியபடி மெல்ல விடுவார். ஏனென்றால் டீசல் இயந்திரம் ஒரு குறைந்த வேகத்துக்குக் கீழே போனால் நின்றுவிடும். நிற்கும் நிலையில் அதற்கு இழுவிசையே கிடையாது. ஐந்தாறு டன் கரும்புக்கே கிளச் தேய்கிறது என்றால், ஆயிரம் டன் வண்டிக்கு வைக்கும் கிளச் அன்றைக்கே கருகிப் போகும். ஆனால் நம் ஆய்வுக்கூடத்தில் காட்டுகிறார்களே டி.சி. சீரிஸ் மோட்டார், அதன் குணம் நேர் எதிரானது. நிற்கும்போதுதான் அதன் முறுக்குவிசை மிக அதிகம். நின்ற வண்டியைக் கிளப்ப அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. எனவே எண்ணெயை எரிப்பது இயந்திரம், இழுப்பது மோட்டார் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஆக, டீசல் எஞ்சின் என்பது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து ஓடும் மின்சார எஞ்சின். அதன் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் இதிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. உள்ளே இருந்த இயந்திரத்தின் திறமையால் அது நீராவியை வென்றது. அந்த இயந்திரத்தின் சுமையால் மின்சாரத்திடம் தோற்றது.

நீராவிக் காலத்தைப் பற்றி நான் புத்தகத்தில் படித்ததைவிடத் தாத்தாவிடம் கேட்டதே அதிகம். என் தந்தையின் தந்தை இளமையில் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஒப்பந்தக் கூலியாகக் கரி ஏற்றியவர். எஞ்சினுக்குக் கரி கொட்டுவது, எரிந்த சாம்பலை வாரிக் குழியில் தள்ளுவது, தண்ணீர்க் குழாயை இழுத்துப் பிடிப்பது ஆகியவை வேலை. நீராவி எஞ்சின் காலையில் ஓட வேண்டுமானால் நள்ளிரவிலேயே நெருப்பு மூட்ட வேண்டும். கொதிகலன் சூடேறி, அழுத்தம் ஏறப் பல மணி நேரம் ஆகும். வழியில் அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும். ஓட்டுநரோடு கரி தள்ளும் ஃபயர்மேன் ஓயாமல் உழைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டும், எரித்த கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான் இழுக்கும் வேலையாக மாறியது. மீதி எல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிற்று. நல்ல நிலக்கரிச் சுரங்கம் தமிழ்நாட்டில் கிடையாது. வங்காளம், பீகார், சிங்கரேணி என்று எங்கிருந்தோ வர வேண்டும். கரியைக் கொண்டுவரவே ஒரு பெரும் செலவு.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கூடத் தேவையில்லை. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய தத்துவம் எளியது. சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்குரிய சூத்திரப்படி 37 டிகிரியில் உள்ளே போன காற்று 560 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். நண்பர்கள் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெல்வினுக்கு மாற்ற மறக்க வேண்டாம். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். எரிபொருளின் வெப்பத்தில் 100-க்கு 30 பங்காவது சக்கரத்துக்கு வந்து சேரும். நீராவியைப் போல நாலு மடங்கு!

நம் நாட்டில் நெடுந்தூரப் பாதையில் டீசல் எஞ்சின்கள் முதலில் நிலைகொண்ட இடம் குஜராத்தின் கட்ச் பகுதி. தண்ணீர் அரிதான அந்த வறண்ட நிலத்தில் 1955-56-ல் ஸ்காட்லாந்தில் செய்த மீட்டர் கேஜ் எஞ்சின்கள் காந்திதாமை இருப்பிடமாகக் கொண்டு ஓடின. தண்ணீர் கேட்காத எஞ்சினுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? பின்னர் 1957-58-ல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து 100 அகலப்பாதை எஞ்சின்கள் வந்தன. 1961-ல் வாரணாசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஆல்கோ வரைபடத்தின்படி 1964 ஜனவரியில் அங்கிருந்து முதல் எஞ்சின் வெளிவந்தது. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 என்ற அந்த வகை பின்னர் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டு இந்தியா முழுவதும் ஓடியது.

இதில் ஒரு வேடிக்கை. ஆல்கோ நிறுவனம் அமெரிக்காவில் 1969-ல் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. தாய்வீட்டில் அழிந்துபோன அந்த இயந்திரத்தை வாரணாசித் தொழிலாளர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் திருத்தித் திருத்தி வளர்த்தார்கள். பெயர் அமெரிக்கப் பெயர், உழைப்பு நம்முடையது.

நம் பாதையில் ஓடியது அதன் தம்பி, மீட்டர் கேஜுக்கான ஒய்.டி.எம்.-4. ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன், 72 டன் எடை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து, 1968 முதல் வாரணாசியிலேயே செய்யப்பட்டது. விழுப்புரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று இந்தப் பாதையில் வளர்ந்த பெரியவர்களுக்கு அதன் குரல் நன்றாகத் தெரியும். நிலையத்திலிருந்து கிளம்பும்போது 'குபுக்' என்று ஒரு கரும்புகை விடும். அதற்கும் காரணம் உண்டு. ஓட்டுநர் கைப்பிடியை ஒரு படி ஏற்றியதும் எண்ணெய் உடனே கூடிவிடும். ஆனால் காற்றைத் திணிக்கும் டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்வது. அது வேகமெடுக்கச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் எண்ணெய் அதிகம், காற்று குறைவு. எரியாத கரி புகையாக வந்துவிடும்.

டீசல் வந்ததும் ஷெட்டின் வாழ்க்கை மாறியது. ஃபயர்மேன்களில் பலர் டீசல் உதவியாளர்கள் ஆனார்கள். இன்று அந்தப் பதவிக்கு உதவி லோகோ பைலட் என்று பெயர். இரண்டு எஞ்சின்களைப் பூட்டினாலும் முன்னால் இருக்கும் ஒரே ஓட்டுநர் இரண்டையும் நடத்த முடிந்தது. கரிமேடு, சாம்பல் குழி, தண்ணீர்த் தூண் எல்லாம் வேலையற்றுப் போயின. நிரந்தரப் பணியாளருக்கு மாற்றுப் பயிற்சி கிடைத்தது. அன்றாடக் கூலிக்கு அது கிடைக்கவில்லை. தாத்தா ஊர் திரும்பிக் கரும்பு வெட்டப் போனார். "கரி வண்டி ஆளு கேக்குற வண்டிடா தம்பி. இது ஆளு கேக்காத வண்டி" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். டீசல் எஞ்சினின் சிறப்பை இவ்வளவு சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

விழுப்புரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார இரயில் ஓடியது சென்னையை ஒட்டி மட்டுமே. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மின்பாதை 1960-களில் விழுப்புரம் வரை நீண்டது. எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்து வந்த வண்டிக்கு, விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றி, அங்கிருந்து தெற்கே கரியோ டீசலோ பூட்டுவார்கள். ஆகவே டீசலின் வெற்றிக்கு நடுவிலேயே அதன் போட்டியாளன் 40 கிலோமீட்டருக்குள் வந்து காத்திருந்தான். நாம்தான் கவனிக்கவில்லை!

எங்கள் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதையாக மாறியபோது சில ஆண்டுகள் இரயிலே இல்லை. 2010-ல் மீண்டும் திறந்தது. அப்போதும் டீசல்தான், ஒய்.டி.எம்.-4 போய் அகலப்பாதை டீசல் எஞ்சின்கள் வந்தன. விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றுவதும் தொடர்ந்தது. பின்னர் விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பாதையும், மயிலாடுதுறை, திருவாரூர் பாதையுமாக 228 கிலோமீட்டருக்கு 423 கோடி ரூபாய் செலவில் மின்கம்பி இழுக்கப்பட்டு, 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதனால் எரிபொருள் செலவில் ஒரு நாளைக்கு 14.61 லட்சம் ரூபாய் மிச்சமாகும் என்று அரசு அறிவித்தது. ஒரு பாதையில், ஒரு நாளில்!

எங்கிருந்து வருகிறது இந்த மிச்சம்? முதலாவது சுமை. டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் எடை ஏறத்தாழ 113 டன், திறன் 2,600 குதிரை. அதாவது டன்னுக்கு 23 குதிரை. இன்று நம் விரைவு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சின் 123 டன், 6,000 குதிரைக்கு மேல். டன்னுக்கு ஏறத்தாழ 50. இயந்திரம், ஜெனரேட்டர், ஐயாயிரம் லிட்டர் எண்ணெய், குளிர்விக்கும் தண்ணீர் எதையும் அது சுமக்கவில்லை. மின்நிலையத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, அதன் பயனை மட்டும் கம்பி வழியே வாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது, நிறுத்தும்போது நடப்பது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை என்ன செய்வது? மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றிச் சக்கரத்தைத் தடுக்கும் உத்தி டீசலிலும் உண்டு. ஆனால் பிறந்த மின்சாரத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் மின்தடைகளைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். புதிய மின்சார எஞ்சின் அதைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கிறது. இன்னொரு வண்டி அதை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போதும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி கிளப்பும் சிரமத்துக்கு அஞ்சி அதை நிறுத்தாமல் விடுவது வழக்கம்.

இவையெல்லாம் சரி. ஆனால் இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கேள்வி என்னை உறுத்தியது. மின்சாரம் மட்டும் வானத்திலிருந்தா வருகிறது? நம் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்கிறது. அங்கே எரிக்கும் 100 பங்கு வெப்பத்தில் மின்சாரமாவது ஏறத்தாழ 33 பங்கு. கம்பியில் கடந்து வரும்போது 30 ஆகும். எஞ்சினின் மின்மாற்றி, மோட்டார் இழப்புகள் போகச் சக்கரத்துக்கு வருவது 26 அல்லது 27. டீசலிலோ 30! கரி மின்சாரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வெப்பத்திறனில் டீசல் தோற்கவே இல்லை. ஒரு படி மேலே நிற்கிறது.

அப்படியானால் ஏன் தோற்றது? டீசல் இயந்திரம் டீசலைத்தான் குடிக்கும். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது சில மாதங்களில் விலை நான்கு மடங்காயிற்று. 1979-ல் மறுபடி ஏறியது. இரயிலை ஓட்ட அந்நியச் செலாவணி செலவிட வேண்டிய நிலை. மின்கம்பியோ எதையும் ஏற்கும். நெய்வேலிக் கரி, மேட்டூர் நீர், கல்பாக்கம் அணு, முப்பந்தல் காற்று, கமுதி வெயில் என எல்லாம் ஒரே குளத்தில் வந்து சேரும் வாய்க்கால்கள். இன்று கரி அதிகம் என்றாலும் நாளை வெயில் அதிகமாகலாம். எஞ்சினில் ஒரு திருகாணியைக் கூட மாற்ற வேண்டியதில்லை. டீசல் எஞ்சினுக்கு இந்தச் சலுகை கிடையாது.

முடிவு வேகமாக வந்தது. 2015-ல் பீகாரின் மர்ஹௌராவில் 1,000 புதிய டீசல் எஞ்சின்கள் செய்ய அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 2018 செப்டம்பரில், அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு கை டீசல் எஞ்சினுக்குக் கையெழுத்திட, மறு கை அதன் பாதையில் கம்பி இழுத்தது. இதை நல்ல திட்டமிடல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாரணாசித் தொழிற்சாலை மின்சார எஞ்சினுக்கு மாறி, 2020-ல் தன் பெயரிலிருந்த 'டீசல்' என்ற சொல்லையும் விட்டுவிட்டு பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆயிற்று. 2025-ன் இறுதியில் நாட்டின் அகலப்பாதையில் ஏறத்தாழ 99 விழுக்காடு மின்மயமாகிவிட்டது.

இருந்தும் டீசலை ஒரேயடியாகத் துடைத்துவிடக் கூடாது என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் நம் கரையைக் கடந்தபோது எனக்கு ஆறு வயது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கில்லை. அன்று இந்தப் பாதையின் மேலே கம்பி கிடையாது; தண்டவாளத்தில் விழுந்த மரத்தை வெட்டினால் வண்டி போகும். இன்று அதே புயல் வந்தால் கம்பியையும் சரிசெய்தாக வேண்டும். இரயில்வேயின் தூண்கள் தெருவிளக்குக் கம்பத்தைவிட உறுதியானவை என்பது உண்மையே. எனினும் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தக் கரையில், விழுப்புரத்திலாவது சில டீசல் எஞ்சின்கள் எப்போதும் தயாராக நிற்க வேண்டும்.

பழைய ஒய்.டி.எம்.-4 எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு: சில வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டன. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி மலை இரயிலுக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி. குன்னூரிலிருந்து உதகைக்கு ஒய்.டி.எம்.-4. கடல் கடந்தால் இலங்கையில் இன்னும் டீசல் ஆட்சிதான். அங்கே மின்பாதையே கிடையாது. 1996-ல் வாரணாசியில் செய்த எஞ்சின்களை வாங்கியிருக்கிறார்கள். 2014-ல் திரும்பவும் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பாதையில் வண்டிகளை இழுப்பவை டீசல் எஞ்சின்களே. அமெரிக்காவிலும் சரக்கு இரயில்கள் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. ஆகவே வீழ்ச்சி என்று நான் எழுதுவது இந்திய வீழ்ச்சியை மட்டுமே.

வீழ்ச்சி என்ற சொல்லைக் கேட்டால் என் அண்ணனுக்குப் பிடிக்காது. அவர் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவர். சேரும்போது அவர் மனத்தில் இருந்தது இரயில்வே ஷெட். படிப்பு முடிந்து வெளியே வந்தபோது ஊருக்கு மேலே கம்பி வந்துவிட்டது. இப்போது கரும்பு டிராக்டர்களுக்குப் பம்பும் நாசிலும் பார்க்கிறார்; ஆலைப் பருவத்தில் சாப்பிட நேரமிராது. தாத்தாவுக்கு நேர்ந்தது மறுபடி நேர்ந்துவிட்டது என்று அம்மா சொல்வதுண்டு. நான் அதை முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை. உதவி லோகோ பைலட் தேர்வுக்கு டீசல் மெக்கானிக் இன்றைக்கும் தகுதியான தொழிற்பிரிவுதான். டீசல் ஷெட்டுகள் பலவற்றில் இப்போது மின்சார எஞ்சின்களும் பராமரிக்கப்படுகின்றன; அங்கே டீசல் கற்றவர்கள்தான் மின்சாரமும் கற்றுக்கொண்டு வேலை செய்கிறார்கள். கீழே இருக்கும் மோட்டாரும் அச்சும் பிரேக்கும் இரண்டு எஞ்சினிலும் நெருங்கிய உறவினர் அல்லவா? டீசல் தெரிந்தவனுக்குப் பாதி மின்சார எஞ்சின் ஏற்கனவே தெரியும்.

கற்றுத் தருவோர் இருக்க வேண்டும், அவ்வளவே. தாத்தாவுக்கு யாரும் இல்லை. அண்ணன் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். இரவில் பட்டறையிலிருந்து வந்து கைகழுவியபின் என் இரண்டாம் ஆண்டு மின்னியல் குறிப்பேட்டை எடுத்து உட்காருகிறோம். மின்மாற்றி முடிந்தது. இந்த வாரம் ரெக்டிஃபையர்.